பவர்காரரின் பதில்

“தலகாணி ரெண்டு வெச்சா கழுத்துப் பிடிச்சுக்குது, ஒண்ண எடு—”

“நேத்து ஒண்ணு போதாதுன்னது யாரு? நானா, எதிர்வீட்டுக்காரரா?”

“நேத்துக் கழுத்து வேற, இன்னிக்குக் கழுத்து வேற. அதெல்லாம் உனக்கு—”

“எனக்கு ஒண்ணும் தெரியாது, சரி. உங்க கழுத்துக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க, சுவத்துல ஒட்டிக்கறேன்.”

“பாத்தியா, ஒரு தலகாணியக் கேட்டதுக்கு—”

“ஒரு தலகாணியா? விடிஞ்சதுலேருந்து உங்களுக்கும் எனக்கும் இதே—”

மகள் மாடிப்படியின் உச்சியில் பெட்டியை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இரண்டு குரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன; சண்டை போட்ட வாய் ஒன்றுதான். அம்மா கட்டில் ஓரமாகக் குனிந்து ஒரு தலையணையை உருவிக்கொண்டே தன் பங்கையும் பேசினாள், படுத்திருந்த அப்பாவின் பங்கையும் பேசினாள். அப்பாவின் முறை வந்தபோது குரல் தொண்டைக்குள் இறங்கியது. எந்தப் பேச்சையும் முடிக்காமல் பாதியில் விடுவது அப்பாவின் பழக்கம். அதை முடித்துவைப்பது அம்மாவின் பழக்கம். இப்போது இரண்டையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

“பாப்பா வந்துட்டா பாருங்க,” என்றாள் அம்மா. உடனே குரலை இறக்கி, “என்னடி இப்படி இளைச்சிட்ட? வேலை செய்யற இடத்துல சோறு கண்ணுல காட்டறதில்லையா?”

“நல்லாத்தாம்ப்பா இருக்கேன்,” என்றாள் மகள், அம்மாவின் வாயைப் பார்த்து.

சொன்ன பிறகுதான் தான் எங்கே பார்த்துச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இளைத்திருந்தது அவர்தான். கன்னம் உள்வாங்கி, முகம் ஒரு சுற்றுச் சிறுத்திருந்தது. கண்கள் மட்டும் அதே அளவில் இருந்தன. அவள் திரும்புகிற வரைக்கும் காத்திருந்ததுபோல அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையில் கண் பரிசோதித்து, பவர் பார்த்து, கண்ணாடியை இழைத்துச் சட்டத்தில் பொருத்தித் தருவது அப்பாவின் வேலை. தெருவில் அவருக்குப் பவர்காரர் என்று பெயர். கல்லாவில் உட்கார்ந்து சட்டங்களை விற்பது அம்மாவின் வேலை. அவளுக்கு அவர் வைத்த பெயர் ஜட்ஜம்மா. “சாட்சி இன்னும் கூண்டுலயே ஏறல, இவ தீர்ப்ப எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டா” என்பார். கண்ணாடி மாற்ற வந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனதற்கு அந்த இருவரின் வாய்ச்சண்டையும் ஒரு காரணம்.

முதலில் அவர் விரலிலிருந்து சட்டத்தின் சின்ன ஸ்க்ரூ நழுவியது. அப்புறம் ஸ்க்ரூடிரைவர். அப்புறம் காபி டம்ளர். நரம்புகள் தசைகளோடு பேசுவதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும் நோய் என்றார் டாக்டர். நின்ற பேச்சைத் திரும்பத் தொடங்கிவைக்க மருந்து இல்லை என்றார். இவருக்கு அறிவும் நினைவும் கண்ணசைவும் நோயின் பிடியில் சிக்காமல் இருக்கின்றன என்றும் சொன்னார். “பவர் போனவனுக்குப் பவர்காரன்னு பேரு, நல்லாத்தான் இருக்கு” என்று அவர் அன்றைக்குச் சொன்னதை ஜட்ஜம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியாக நாக்கு. சொற்கள் குழைந்து வாய்க்குள்ளேயே கரையத் தொடங்கியபோது யாருக்கும் புரியவில்லை, ஜட்ஜம்மாவுக்கு மட்டும் புரிந்தது. அவள் எடுத்துச் சொன்னாள். பிறகு அவளுக்கும் புரியாமல் போயிற்று. அப்போதும் அவள் எடுத்துச் சொன்னாள்.

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பார்க்க வந்தவர்கள், “அப்படியே அவரே பேசற மாதிரி இருக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அவரே சிரித்தார். கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை.

அன்று பிற்பகல் நர்ஸ் வந்தாள். குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவர்களை வீட்டுக்கே வந்து, வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் குழுவைச் சேர்ந்தவள். செருப்பைக் கழற்றும்போதே, “சார், நான் வந்துட்டேன்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். முதுகைப் புரட்டிப் பார்த்தாள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்து, அவர் தாடையைத் தாழ்த்திப் பிடித்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். தொண்டை ஏறியது. இறங்குவதற்குள் இருமல் வந்துவிட்டது.

இருமல் அடங்கியதும் நாற்காலியை அவர் பார்வைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சார், உங்ககிட்டதான் பேசறேன். விழுங்கறது கஷ்டமாயிட்டு வருது. எடையும் இறங்குது. இப்ப ஒரு முடிவு எடுக்கணும். வயித்துல சின்னதா ஒரு துளை போட்டுக் குழாய் வெச்சா, சாப்பாடும் மருந்தும் அது வழியாப் போயிடும். அதுக்கு ஆஸ்பத்திரியில சில நாள் இருக்கணும். மூச்சு இன்னும் தளர்ந்துட்டா அதைச் செய்யறது ஆபத்து. அதான் இப்பவே கேக்கறோம்.”

“வேண்டாம்னா?” என்றாள் மகள், தாழ்ந்த குரலில்.

“வேண்டாம்னா, வாய் வழியா எவ்வளவு முடியுதோ, எது பிடிக்குதோ, அவ்வளவு. புரை ஏறும், சளி கட்டும். நாள் குறையலாம். ஆனா கஷ்டம் தெரியாம இருக்க மருந்து இருக்கு, அதை வீட்டுலயே குடுக்கலாம்.” மறுபடி அவரிடம் திரும்பினாள். “குழாய் வெச்சாலும் நோய் நிக்காது சார், அது உங்களுக்குத் தெரியும். எதுல சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டுல எதச் சொன்னாலும் நாங்க வருவோம்.”

“போடுங்க சிஸ்டர்,” என்றது அடித்தொண்டைக் குரல். ஜட்ஜம்மா கட்டிலின் மறுபக்கம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். “திங்கறதுக்கு ஒரு வாய், இவகூடச் சண்டை போட ஒரு வாய். ரெண்டும் ஒரே வழியில போனதாலதான் இத்தன வருஷமா எனக்குப் புரை ஏறிட்டே—”

மகள் சிரித்துவிட்டாள். நர்ஸும் சிரித்தாள். அது அவ்வளவு அவர் பேச்சு. பிறகு நர்ஸ் கட்டிலைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

“சார், நீங்க சொல்லுங்க. குழாய் வேணும்னா கண்ண மேல தூக்குங்க. வேண்டாம்னா மூடுங்க.”

அவர் கண்ணைத் தூக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கருவிழி மெதுவாக நகர்ந்து மறுபக்கம் போய், மனைவியின் முகத்தில் நின்றது.

“உங்களப் பாக்கறாரும்மா.”

“என்னைத்தான் பாப்பாரு. இந்த வயசுல வேற யாரப் பாக்கப் போறாரு? அவர்தான் சொல்லிட்டாரே சிஸ்டர், போடுங்கன்னு.”

நர்ஸ் கிளம்பும்போது தன் பையிலிருந்து ஒரு கண்ணாடித்தாள் பலகையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். எழுத்துகள் கூட்டம் கூட்டமாக அதன் ஓரங்களில் ஒட்டியிருந்தன. “எதிர எதிர உக்காந்து நடுவுல பிடிங்க. அவர் கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு இந்தப் பக்கத்துலேருந்து பாத்துடலாம். மெதுவாத்தான் வரும்.” படியிறங்கும் முன் ஜட்ஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “முதுகுல ஒரு சிவப்புகூட இல்ல. இப்படிப் பாத்துக்கறவங்கள நான் அதிகம் பாத்ததில்லம்மா. ஆனா குழாய் விஷயத்த முடிவுன்னு நான் எடுத்துக்கல. வியாழக்கிழமை டாக்டரே வர்றார். அதுக்குள்ள அவர்கிட்டக் கேளுங்க.”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் ஜட்ஜம்மா, நர்ஸின் தலை மறைந்த பிறகு.

“அப்பாவோட பதில் இருக்கு,” என்றாள் மகள்.

“அவர் பதில்தான் நான் சொன்னேன்.”

“நீ சொன்னது உன் பதில்ம்மா. அப்பா குரல்ல சொன்ன.”

“ஓ. வந்து இறங்கி இன்னும் பெட்டியக்கூடத் திறக்கல, அதுக்குள்ள அப்பாவோட வக்கீலா? நான் பக்கத்துல கிடக்கறேன் ராப்பகலா. அவர் இமை ஆடினா எனக்குத் தெரியும் எதுக்கு ஆடுதுன்னு.”

“அப்ப இன்னிக்கு எதுக்கு ஆடல?”

ஜட்ஜம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கிப் போனாள். கண் பார்க்க வாரத்தில் ஒரு நாள் வேறு ஒருவர் வந்துபோகிறார். மற்ற நாள்களில் பழகிய ஆட்கள் யாராவது வந்தால், கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு அவளே பார்த்துக் கொடுத்துவிடுகிறாள். கடையைத் திறந்துவைத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே அவள் ஒரு குரலில் பேசினால் போதும்.

மகள் பலகையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, குழாய் வேணுமா?”

கண் மூடவில்லை, மேலேயும் போகவில்லை. பலகையின் ஓரத்துக்குப் போனது. ஒரு கூட்டம். அதிலிருந்து ஓர் எழுத்து. அவள் தப்பாகச் சொன்னாள், அவர் கண்ணை மூடினார். மறுபடி. கீழே கடைக் கதவின் மணி அடித்தது, யாரோ போனார்கள், யாரோ வந்தார்கள். சன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. அவள் கை வலித்தது. கடைசியில் கிடைத்தவை இரண்டே சொற்கள்.

அவ கேக்கணும்.

“என்கிட்டச் சொல்லுங்கப்பா. நான் அம்மாகிட்டச் சொல்லிடறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது இல்லை என்று பொருள். பிறகு திறந்து, குறும்பாகவா களைப்பாகவா என்று தெரியாத ஒரு பார்வை பார்த்தார்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அதைச் சொன்னபோது ஜட்ஜம்மா ஆப்பிளை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“என்னமோ நான் கேக்காத மாதிரி. தினம் பொழுது விடிஞ்சா அவர்கிட்டப் பேசிட்டேதான இருக்கேன்?”

“பேசற. கேக்கல.”

“கேட்டா என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும்டி.”

“தெரிஞ்சா அப்புறம் கேக்கறதுக்கு என்ன பயம்?”

மசித்தது போதும் என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் அவள் மசித்துக்கொண்டே இருந்தாள். “பயம் எனக்கா,” என்றாள் ஆப்பிளிடம்.

மறுநாள் காலை எதிர்க்கடை முடிதிருத்துபவர் வந்தார். கத்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பவர்காரருக்குக் கை போனதிலிருந்து வாரா வாரம் மாடி ஏறி வந்து சவரம் செய்துவிட்டுப் போவது அவர் வழக்கம். நுரை போட்டுக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்வார். ஜட்ஜம்மா இரண்டு பேர் சார்பிலும் பதில் சொல்வாள்.

அன்றைக்குக் கதை பாதியில் நின்றது. தாடைக்குக் கீழே நுரையில் ஒரு சிவப்புக் கோடு.

“என்ன கத்திரி இது? ஆட்டுக்குட்டியா அது, மனுஷன் கழுத்து,” என்று துண்டோடு ஓடிவந்தாள் ஜட்ஜம்மா.

“மன்னிச்சுக்குங்க அண்ணி. அண்ணே, மன்னிச்சுடுங்க.” கத்திரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். “கை சரியாத்தான் போச்சு. இடந்தான் கொஞ்சம் தள்ளித் தெரிஞ்சிடுச்சு.”

“போன மாசந்தான புதுக் கண்ணாடி போட்டுக் குடுத்தேன்?”

“போட்டீங்க.”

“அப்புறம் என்ன?”

கத்திரி பவர்காரரைப் பார்த்தார், துணைக்கு வரச்சொல்வதுபோல. “சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கண்ணாடி போட்டதுலேருந்து தலைவலி. நேத்து ஒருத்தருக்கு மீசை ஒரு பக்கம் ஏறிப் போச்சு. நல்லவேளை, அவருக்கும் கண்ணு சரியாத் தெரியாது, கண்ணாடியில பாத்துட்டு நல்லா இருக்குன்னு போயிட்டார்.”

“தெளிவா இருக்கா இருக்கான்னு உங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தான போட்டேன்?”

“கேட்டீங்க அண்ணி. ஆனா எப்படிக் கேட்டீங்க? ‘ரெண்டாவது போட்டது நல்லாத் தெரியுதில்ல?’ன்னு கேட்டீங்க. முகத்த வேற அப்படி வெச்சுக்கிட்டீங்க. அண்ணே மேல இப்படிப் படுத்துக் கிடக்கறார், நீங்க கீழ தனியாளா அந்தக் கண்ணாடிங்களோட மல்லுக்கட்டறீங்க. இல்ல, தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? ஆமான்னுட்டேன்.”

ஜட்ஜம்மா துண்டைக் கணவரின் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணேன்னா நான் சொல்லியிருப்பேன்,” என்றார் கத்திரி, பேசத் தொடங்கிவிட்ட தைரியத்தில். “ஒண்ணப் போடுவார், எடுப்பார், இன்னொண்ணப் போடுவார். ‘முதல்லயா, ரெண்டாவதா?’ அவ்வளவுதான். அப்புறம் அவர் முகத்துல ஒண்ணும் இருக்காது, கழுவி வெச்ச தட்டு மாதிரி. நாம சொல்ற வரைக்கும் உக்காந்தே இருப்பார். எனக்கு ஒரு தடவ பயமாக்கூட இருந்துச்சு, மனுஷன் தூங்கிட்டாரோன்னு.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பவர்காரர் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. ஆனால் இந்த நோயில் சிரிப்புக்கும் கடிவாளம் கிடையாது. தொடங்கினால் நிறுத்துவது அவர் கையில் இல்லை. சிரிப்பு நீண்டது, மூச்சு பின்தங்கியது, எச்சில் தொண்டைக்குள் போனது, முகம் கறுத்தது. ஜட்ஜம்மா ஒரே தாவலில் கட்டிலில் ஏறி அவரை முன்னுக்குச் சாய்த்து நெற்றியைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். மகள் எச்சில் உறிஞ்சும் கருவியைப் போட்டுக் குழாயை அவர் கன்னத்துக்குள் விட்டாள். கருவியின் இரைச்சலில் ஜட்ஜம்மா என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. தன் குரலில்தான் சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. கழுத்தில் காய்ந்துபோன நுரையைக் கத்திரி ஈரத்துணியால் துடைத்துவிட்டார். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணி, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லல.”

“கண்ணாடிய வெச்சுட்டுப் போங்க. கண்ணு பாக்கறவர் வந்ததும் மறுபடி டெஸ்ட் பண்ணி வேற போட்டுத் தரச் சொல்றேன். அதுவரைக்கும் யார் கழுத்துலயும் கத்திய வெக்காதீங்க.”

கத்திரி போனதும் ஜட்ஜம்மா பவர்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய நாளில் அவர் கீழே கண் பார்க்கும்போது, அவள் கல்லாவில் இருந்தபடியே, “ரெண்டாவதுதான் நல்லாத் தெரியும், சொல்லுங்க” என்று வந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பாள். சீக்கிரம் முடிந்தால் அடுத்த ஆளைப் பார்க்கலாம் என்று. “நீ சும்மா இரு, ஜட்ஜம்மா” என்பார் அவர், திரும்பாமலே. “கண்ணு அவரோடது.” அந்த ஒரு பேச்சை மட்டும் அவர் பாதியில் விட்டதில்லை.

அவள் எழுந்து கீழே போனாள். படியில் எதுவோ இடித்து இடித்து ஏறிவரும் சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். அவர் கண் பார்க்கும்போது உட்காருகிற உயரமான ஸ்டூலை அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா இது?”

“ஸ்டூலு. தெரியலன்னா கீழ வா, உனக்கும் கண்ணு பாத்துடறேன்.” ஸ்டூலைக் கட்டிலுக்கு எதிரே போட்டு ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. “நீ அந்தச் சுவரோரமா நில்லு. மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது. எடுத்துக்குடுக்கற வேலை எல்லாம் என்னோட போகட்டும்.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரல் தானாகவே தொண்டைக்குள் இறங்கியது. “கேளேன் ஜட்ஜம்மா, என்ன பெரிசா—”

அங்கேயே நிறுத்திவிட்டாள். அந்தப் பேச்சை யாரும் முடித்துவைக்கவில்லை.

“இது நீங்க பேசல,” என்றாள் தன் குரலில். “நான்தான். ரொம்ப நாளா நான்தான்.”

அவர் கண் மேலே போனது.

“உடனே ஆமாங்கறதப் பாரு. வாய் இருந்திருந்தா இன்னும் என்னென்ன சொல்லியிருப்பீங்களோ.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி. பெரிய கேள்வி அப்புறம். முதல்ல சின்னதாப் பாத்துக்கலாம், கை பழகட்டும். இந்தக் கை ஒரு தலகாணி. இந்தக் கை ரெண்டு தலகாணி. எது வேணுமோ அந்தக் கையப் பாருங்க.”

இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். அவர் எந்தக் கையையும் பார்க்கவில்லை. அவள் வாய் திறந்தது, மூடியது. சுவர்க்கடிகாரம் நகர்ந்தது. தெருவில் ஒரு வண்டி பின்னுக்கு வந்து மணி அடித்து ஓய்ந்தது. சுவரோரம் நின்ற மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் ஒரு கையைப் பார்த்துக் கண்ணை மூடினார். திறந்தார். மற்றக் கையைப் பார்த்தும் கண்ணை மூடினார்.

“ஒண்ணும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம்.” அவள் புருவம் நெரித்தாள். “தலகாணியே வேண்டாமா?”

கண் மேலே போனது. போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி.

“அட பாவமே,” என்றாள் மெதுவாக. “ஒண்ணா ரெண்டான்னு எவ்வளவு சண்டை. வேண்டாதவர வெச்சுக்கிட்டு நானே ரெண்டு பக்கமும் வாதாடியிருக்கேன்.”

இறங்கிப் போய்த் தலையணையை உருவினாள். கழுத்துக்கு அடியில் துண்டை மடித்து வைத்தாள். அவர் கண் மேலே போனது. மறுபடி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையை உடனே நீட்டவில்லை. புடவையில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தக் கை குழாய். ஆஸ்பத்திரிக்குப் போறோம், வெச்சுட்டு வர்றோம். சாப்பாடு வயித்துக்கு நேராப் போயிடும். நாள் கூடலாம்.” என்று இடது கையை நீட்டினாள். பிறகு வலது கையைத் தூக்கினாள். “இந்தக் கை குழாய் இல்ல. வீட்டுலயே இருக்கறோம். வாய்ல எவ்வளவு முடியுதோ அவ்வளவு. சிஸ்டர் மருந்து குடுப்பாங்க. நாள்...” வலது கை பாதி வழியில் நின்றது. பிறகு முழுக்க நீட்டினாள். “நாள் கொறையலாம். நான் பக்கத்துலதான் இருப்பேன். ரெண்டுலயும் பக்கத்துலதான் இருப்பேன், அது இந்தக் கையிலயும் உண்டு, அந்தக் கையிலயும் உண்டு.”

அவர் அவள் கைகளைப் பார்த்தார். ஒன்றில் நிற்காமல் இதற்கும் அதற்குமாகப் பார்வை போய்வந்தது, சட்டம் கோணலாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பவர்போல. அவளும் குனிந்து பார்த்தாள். குழாய் என்று நீட்டிய இடது கை ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. உள்ளங்கையும் அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“ஆமா, ஆமா. தெரியுது,” என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்து மற்றதோடு நேராக வைத்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன். நீங்க எதச் சொன்னாலும் உங்களோட சண்டை போடத்தான் போறேன். நல்லாப் போடுவேன். ஆனா அது அப்புறம். என் பங்கு மட்டுந்தான் போடுவேன், உங்க பங்க நீங்க அந்தப் பலகையில போட்டுக்குங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.”

முகத்தில் எதுவும் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை. உதடு ஒரு பக்கம் இழுத்தது, அதையும் அடக்கினாள்.

“சொல்லுங்க,” என்றாள். “முதல்லயா, ரெண்டாவதா?”